மீதி நிற்கட்டும்

போன மாதம் திருப்பத்தூரில் புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஆசிரியர்களுக்கு ஒரு பயிற்சி நடந்தது. ஓய்வு பெற்றவள்தானே, சும்மாதானே இருக்கிறாள் என்று என்னையும் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். பேசி முடித்துவிட்டுத் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது ஓர் இளம் ஆசிரியை பக்கத்தில் வந்து நின்றார்.

"மேடம், ஒண்ணு கேட்டா தப்பா எடுத்துக்க மாட்டீங்களே? போனைத் தட்டினா பதில் வந்துடுது. இந்த நீள் வகுத்தலைப் புடிச்சிக்கிட்டு நாலாவது, அஞ்சாவது புள்ளைங்களை ஏன் மேடம் இவ்ளோ வதைக்கணும்?"

மூளைக்குப் பயிற்சி, அடிப்படை பலமாகும் என்று என்னவோ சொல்லிவைத்தேன். எனக்கே அந்தப் பதில் பிடிக்கவில்லை. அந்தப் பெண்ணும் மரியாதைக்குத் தலையாட்டிவிட்டு வடை எடுக்கப் போய்விட்டார். படவேட்டுக்குத் திரும்பும் பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்த பிறகுதான் என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று தோன்றியது. ஆனால் அது தேநீர் ஆறுவதற்குள் சொல்லக்கூடிய விஷயமில்லை. அதனால் எழுதுகிறேன்.

நான் படவேட்டுப் பக்கத்துக்காரி. வீட்டுக்காரர் நெல்லும் கரும்பும் போடுகிறவர். ஆசிரியர் பயிற்சி முடித்து, பதிவு செய்துவிட்டு வருஷக்கணக்கில் காத்திருந்து, கடைசியில் வேலை வந்தபோது அது ஜவ்வாது மலை மேலே இருந்தது. பயிற்சிப் பள்ளியில் கற்றதில் பாதி காத்திருந்த காலத்திலேயே மறந்துபோயிருந்தது. மிச்சத்தில் நினைவிருந்தது வகுத்தலுக்கு ஒரு பாட்டு: வகு, பெருக்கு, கழி, இறக்கு. என் ஆசிரியை எனக்குப் பாடிய பாட்டு. அதைக் கையில் வைத்துக்கொண்டுதான் மலை ஏறினேன்.

பள்ளியில் தலைமையாசிரியர் ஏகாம்பரம் சாரும் நானும் மட்டும். அவர் ஒல்லியான மனிதர். தோளில் எப்போதும் ஒரு துண்டு இருக்கும். சாக்பீஸ் தூளைத் துடைத்துத் துடைத்து அதன் ஒரு முனை வெளுத்திருக்கும். ஒன்றாம் வகுப்புக் குழந்தையைக்கூட 'வாங்க, உக்காருங்க' என்றுதான் சொல்வார். அவர் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. ஆனால் அவர் ஒரு கேள்வி கேட்டால், கோபப்பட்டிருந்தாலே தேவலை என்று தோன்றும்.

முதல் வாரம் நான்காம் வகுப்புக்கு வகுத்தல் எடுத்தேன். கரும்பலகையில் 536 ஐ 4 ஆல் வகுக்கும் கணக்கை எழுதி, பாட்டைப் பாடி, பிள்ளைகளையும் பாடவைத்து, ஜோராகப் போய்க்கொண்டிருந்தது. சார் எப்போது உள்ளே வந்தார் என்று தெரியவில்லை. கடைசி வரிசையில் பிள்ளைகளோடு சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். கையைத் தூக்கினார்.

"டீச்சர், எனக்கு ஒண்ணு புரியலைங்க."

பிள்ளைகள் எல்லாரும் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள்.

"கூட்டல் வலது பக்கத்துல ஆரம்பிக்குது. கழித்தல் வலது பக்கம். பெருக்கலும் அப்படித்தான். இது மட்டும் ஏன் இடது பக்கத்துல ஆரம்பிக்குதுங்க?"

அத்தனை வருஷம் படித்திருக்கிறேன், பரீட்சை எழுதியிருக்கிறேன், இந்தக் கேள்வி எனக்குத் தோன்றியதே இல்லை.

"அப்புறம் அந்த மூணை இறக்கினீங்களே, எங்கேர்ந்து எங்க இறங்குச்சுங்க? மாடியா?"

வகுப்பு முழுக்க ஒரே சிரிப்பு. எனக்குக் காது சூடாகிவிட்டது. அவர் எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"அவசரம் இல்லைங்க. திங்கக்கிழமை சொல்லுங்க. நானும் தெரிஞ்சிக்கணும்" என்று சொல்லிவிட்டு அடுத்த அறைக்குப் போனார். அவருக்குப் பதில் தெரியும் என்று இன்றுவரை நம்புகிறேன். ஒருநாளும் ஒப்புக்கொள்ளவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வீட்டில் உட்கார்ந்து யோசித்தேன். புத்தகத்தில் இல்லை. எதையாவது உண்மையிலேயே பங்கு பிரித்துப் பார்த்தால் தெரியுமோ என்று தோன்றியது. கொல்லையில் தென்னை ஈர்க்கில் கிழித்துக் கட்டிய புதுத் துடைப்பங்கள் சாத்தியிருந்தன. அவிழ்த்தேன். ஒன்று போதவில்லை. இன்னொன்றையும் அவிழ்த்தேன். அப்புறம் மூன்றாவது. குச்சிகளைச் சின்னச் சின்னதாக ஒடித்து, பத்துப் பத்தாக ரப்பர் போட்டு, பத்துச் சிறுகட்டுகளைச் சேர்த்து ஒரு பெரிய கட்டாகக் கட்டிக்கொண்டிருந்தபோது வீட்டுக்காரர் கழனியிலிருந்து வந்தார்.

"இன்னாடி இது, வூட்டுல இருந்த தொடப்பத்தையெல்லாம் பிச்சிப் போட்டுட்டு உக்காந்திருக்கே?"

"வகுத்தல் கணக்குங்க."

"மலை மேல காத்து கருப்பு எதுனா அடிச்சிருச்சா?"

"கொஞ்சம் உக்காருங்க. நீங்க, நானு, பசங்க ரெண்டு பேரு. நாலு பங்கு. கையில அஞ்சு பெரிய கட்டு, மூணு சின்ன கட்டு, உதிரி ஆறு. எப்படிப் பிரிப்பீங்க?"

அவர் யோசிக்கவே இல்லை. "மொதல்ல பெரிய கட்டைத்தான் குடுப்பேன். ஆளுக்கு ஒண்ணு." கொடுத்தார். ஒரு பெரிய கட்டு கையில் நின்றது. அதை என்ன செய்வது என்று பார்த்தார். பிறகு கயிற்றை அவிழ்த்தார். பத்துச் சிறுகட்டுகள் கீழே கிடந்த மூன்றோடு போய்ச் சேர்ந்தன.

"பதிமூணு. ஆளுக்கு மூணு. இதோ மறுபடியும் ஒண்ணு நிக்குது. இதையும் அவுக்கணும்" என்றார்.

நான் கத்தியே விட்டேன். இறக்குவது என்றால் அவ்வளவுதான். பெரியதைப் பங்கிட்டு, பங்கிட முடியாமல் நின்றதைப் பிரித்துச் சிறியதோடு சேர்ப்பது. அதனால்தான் இடதுபுறத்தில், பெரிய பக்கத்தில் ஆரம்பிக்கிறோம். வலதுபுறத்தில் உதிரியை முதலில் பங்கிட்டுவிட்டால், பிறகு பெரிய கட்டு நின்று அவிழும்போது மறுபடி உதிரியைப் பங்கிட உட்கார வேண்டும். ஆளுக்கு நூற்று முப்பத்து நாலு வந்தது. வீட்டுக்காரர் தன் பங்கைக் கையில் பிடித்துக்கொண்டு, "இத்த வெச்சி வூடு பெருக்க முடியுமா?" என்று கேட்டார். கடையில் போய் வேறு துடைப்பம் வாங்கினோம்.

திங்கட்கிழமை ஒரு கோணிப்பை நிறையக் குச்சியோடு மலை ஏறினேன். நடத்துநர் அடுப்புக்கா என்று கேட்டார். வகுப்பில் கட்டுகளை நடுவில் கொட்டி, நாலு நாலு பேராக உட்காரவைத்து, பிரிக்கச் சொன்னேன். பாட்டுக்கு வேலையே இல்லை. ஒரு கூட்டத்தில் பங்கு பிரித்த பெண், ஆறு குச்சியைக் கையில் வைத்துக்கொண்டு "மீதி ஆறு டீச்சர்" என்றாள். மற்ற மூன்று பேரும் பாய்ந்தார்கள். "ஏய், இன்னும் ஆளுக்கு ஒண்ணு வருது! குடு!" மீதி எப்போதும் வகுக்கும் எண்ணைவிடச் சிறியதாக இருக்க வேண்டும் என்பதை அன்றைக்கு நான் சொல்லவே வேண்டியிருக்கவில்லை. சார் கடைசி வரிசையில் ஒரு கூட்டத்தில் ஐந்தாவது ஆளாக உட்கார்ந்து தன் பங்குக்குச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்.

இப்படியே வருஷங்கள் போயின. வகுத்தலில் இனி எனக்குப் புதிதாக ஒன்றும் இல்லை என்று நினைத்திருந்த காலத்தில்தான் சின்னப்பொண்ணு வந்தாள்.

வந்தாள் என்று சொல்வது தப்பு. அவள் அங்கேயேதான் இருந்தாள். பள்ளியின் சத்துணவுக் கூடத்தில் சமைப்பவள். பள்ளிக்குப் பின்னால் இருக்கும் ஊர். முப்பது வயது தாண்டியவள், இரண்டு பிள்ளைகளுக்குத் தாய், கொஞ்சம் சாமை விதைக்கிற நிலம். எடுப்பான குரல். அவள் அடுப்படியிலிருந்து கூப்பிட்டால் எங்களுக்கு மணி அடிக்க வேண்டியதில்லை. நான் அந்தப் பள்ளிக்கு வருவதற்கு முன்பே ஐந்தாவதோடு நின்றவள்.

அந்த வருஷம் ஊர் மகளிர் சங்கத்துக்குச் சாமை அரைக்கும் மில் ஒன்று வந்தது. அதைப் பார்த்துக்கொள்ள ஒரு பொறுப்பாளர் வேண்டும். எட்டாவது தேறிய உள்ளூர்ப் பெண்ணாக இருக்க வேண்டும். அப்படி யாரும் இல்லையென்றால் கீழேயிருந்து ஆள் வரும் என்று சொல்லிவிட்டார்கள். ஊரில் எட்டாவது தேறியவர்கள் எல்லாரும் திருப்பூர், கேரளா என்று வேலைக்குப் போயிருந்தார்கள். சின்னப்பொண்ணு எட்டாம் வகுப்புத் தனித்தேர்வு எழுதினாள். எல்லாப் பாடமும் தேறினாள், கணக்கைத் தவிர. அடுத்த தேர்வு வரை மில்லைப் பூட்டி வைத்திருக்கச் சங்கத்துப் பெண்கள் சண்டை போட்டு அனுமதி வாங்கியிருந்தார்கள். இன்னொரு முறை தவறினால் அவ்வளவுதான்.

ஒருநாள் பாத்திரம் கழுவி முடித்துவிட்டு முந்தானையில் கையைத் துடைத்தபடி வகுப்பு வாசலில் வந்து நின்றாள்.

"டீச்சர், எனக்குக் கூட்டல் வருதுங்க. பெருக்கல் வருது. வட்டம், முக்கோணம்கூட மனப்பாடம் பண்ணிக்கினேன். இந்த வகுத்தல் மட்டும் ஆவவே மாட்டேங்குது. எல்லாக் கணக்குலயும் அது வந்து குறுக்கால நிக்குதுங்க."

பள்ளி விட்ட பிறகு தினமும் உட்காரலாம் என்றேன். குச்சிக்கட்டுகளை எடுத்தேன். அவள் அவற்றைப் பார்த்ததுமே புரிந்துகொண்டாள்; எனக்கு விளக்க வாய்ப்பே தரவில்லை. பெரியதைக் கொடு, நின்றதை அவிழ், சேர், மறுபடி கொடு. அவள் கை என்னைவிட வேகம். சரி, இது ஒரு வாரத்து வேலை என்று நினைத்தேன்.

கரும்பலகையில் 437 ஐ 6 ஆல் வகுக்கச் சொன்னேன். நாலு பெரிய கட்டை ஆறு பேருக்குக் கொடுக்க முடியாது, அவிழ்த்தால் நாற்பத்து மூன்று சிறுகட்டு, ஆளுக்கு ஏழு என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதினாள். ஒன்று நின்றது. அவிழ்த்துப் பதினேழு. ஆளுக்கு இரண்டு. ஈவு 72, மீதி 5. பிரமாதம் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவள் உள்ளங்கையால் மொத்தத்தையும் அழித்துவிட்டாள்.

மறுபடி முதலிலிருந்து போட்டாள். அதே 72, அதே 5. மறுபடி அழித்தாள். மூன்றாம் முறை ஏழுக்குப் பதில் ஆறு போட்டு, கழித்தல் குழம்பி, சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டாள். கண் கலங்கியிருந்தது.

"பாருங்க டீச்சர். இப்படித்தான் ஆவுது."

"மொத தடவையே சரியாத்தானே போட்டே சின்னப்பொண்ணு! ஏன் அழிச்சே?"

"எங்க சரி? அஞ்சு நிக்குதே."

"நிக்கட்டுமே."

"நின்னா தப்புதானுங்களே?"

விசாரித்தபோது விஷயம் தெரிந்தது. அவள் படித்த வரைக்கும் அவள் வகுப்பில் கொடுத்த கணக்கெல்லாம் சைபரில்தான் வந்து முடிந்திருக்கின்றன. சைபர் வந்தால் சரி, வராவிட்டால் எங்கோ தவறு, திரும்பப் போடு. மீதி வரும் கணக்கை ஆரம்பிக்கும் முன்பே ஆடு மேய்க்க நிறுத்திவிட்டார்கள். முதல் தேர்வில் அவள் செய்ததும் இதையேதான். சரியான விடைகளை ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டே இருந்திருக்கிறாள், நேரம் முடிந்து தாளை வாங்கும் வரை.

மீதி வருவது தப்பில்லை என்று சொன்னேன். தலையாட்டினாள். மறுநாள் கணக்குப் போட்டு, மூன்று நின்றதும் கை தானாகப் போய் அழித்தது. மறுபடி சொன்னேன். மறுபடி தலையாட்டினாள். அதற்கடுத்த நாளும் அதே கதை. எனக்குப் பொறுமை போய்க்கொண்டிருந்தது. தேர்வு நெருங்கிக்கொண்டிருந்தது. பலகையை அழித்தால் கையைக் கட்டிவிடுவேன் என்றுகூட ஒருநாள் விளையாட்டாகச் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை.

ஏகாம்பரம் சார் இதையெல்லாம் அடுத்த அறையிலிருந்து பார்த்துக்கொண்டேதான் இருந்தார். ஒரு சாயங்காலம் பேருந்துக்காக நின்றிருந்தபோது பேச்சை எடுத்தார்.

"அவங்க போட்டது சரின்னு யாருங்க சொன்னது?"

"நான்தான் சார். தினமும் சொல்றேன்."

"சரிங்க. பரீட்சை ஹால்ல நீங்க இருப்பீங்களா?"

"எப்படி சார் இருக்க முடியும்?"

"அப்போ அங்க அவங்களுக்கு யாருங்க சொல்லுவாங்க?"

பேருந்து வந்தது. அது மலை இறங்கும்போதுதான் எனக்குப் புரிந்தது. அவளிடம் இருந்த ஒரே உரைகல் அந்தச் சைபர். அதை நான் பிடுங்கிக்கொண்டு, பதிலுக்கு என் வாய்ச்சொல்லைக் கொடுத்திருக்கிறேன். என் சொல்லை வைத்துக்கொண்டு அவள் என்ன செய்வாள்?

அடுத்த நாள் பலகைப் பக்கமே போகவில்லை. தரையில் 437 குச்சிகளைக் கட்டுகளாக வைத்தேன். "ஆறு பங்கு வை" என்றேன். ஆறு குவியல் வைத்தாள். குவியலுக்கு எழுபத்திரண்டு. கையில் ஐந்து குச்சி நின்றது; அதை என்ன செய்வது என்று தெரியாமல் என்னையே பார்த்தாள்.

"கையிலயே வெச்சிரு. இப்ப பங்கெல்லாம் திரும்ப ஒண்ணாச் சேர்த்துக் கட்டு. நாம ஆரம்பிச்சது வருதான்னு பாரு."

கட்டினாள். நாலு பெரிய கட்டு. மூன்று சிறுகட்டு. உதிரி இரண்டு. நானூற்று முப்பத்திரண்டு. அவள் முகம் விழுந்துவிட்டது. "குறையுதுங்க டீச்சர். தப்புதான்." பிறகு தன் கையைப் பார்த்தாள். அதிலிருந்த ஐந்தையும் மெதுவாக அந்த இரண்டோடு சேர்த்து வைத்தாள்.

"நானூத்தி முப்பத்தேழு" என்றாள்.

பிறகு ஐந்தை எடுத்தாள், வைத்தாள், மறுபடி எடுத்தாள்.

"இந்த அஞ்சு இருந்தாத்தான் கணக்கு நேராவுது."

"ஆமா."

"நான் அதைப் போயி அழிச்சிக்கினு இருந்தேனே, பாவி!" என்று தலையில் அடித்துக்கொண்டு ஒரு சிரிப்புச் சிரித்தாள் பாருங்கள், அடுத்த அறையிலிருந்து சார் எட்டிப் பார்த்தார்.

ஈவை வகுக்கும் எண்ணால் பெருக்கி மீதியைக் கூட்டினால் முதலில் எடுத்த எண் வர வேண்டும். எல்லாப் பாடநூலிலும் இருக்கிற வரி. சரிபார்த்தல் என்று கடைசியில் சின்ன எழுத்தில் போட்டிருப்பார்கள். நேரமில்லை என்று நாமும் தாண்டிவிடுவோம். சின்னப்பொண்ணுக்கு அதுதான் பாடமே. அன்றிலிருந்து அவள் எந்தக் கணக்கையும் என்னிடம் காட்டவில்லை. போடுவாள், ஓரத்தில் பெருக்குவாள், கூட்டுவாள், தலையை ஆட்டிக்கொண்டு அடுத்ததுக்குப் போவாள். சோறு வேகும்போது அடுப்புச் சுவரில் கரியால் போட்ட கணக்குகள் இருந்தன. சார் அந்தச் சுவருக்கு அந்த வருஷம் வெள்ளையடிக்க விடவில்லை.

ஒருநாள் வகுப்பு நடக்கும்போதே அடுப்படியிலிருந்து குரல் வந்தது. "டீச்சர்! எண்ணூத்தி இருவத்திநாலை எட்டுப் பேருக்குப் பங்கு போட்டா ஆளுக்குப் பதிமூணு வந்துச்சு. திரும்பச் சேர்த்தா நூத்தி நாலுதான் கீது. மிச்சத்தை யாரு தின்னது?"

எழுந்து போகலாமா என்று நினைப்பதற்குள் அவளே பதிலும் சொன்னாள். "இருங்க, இருங்க. ஆளுக்கு ஒரு பெரிய கட்டு குடுத்தாச்சு. சின்னக் கட்டு ரெண்டுதான் கீது, யாருக்கும் வராது. அங்க ஒரு சைபர் போடணும். நூத்தி மூணு! ஒண்ணுமில்லீங்க, நீங்க பாடம் எடுங்க!"

ஈவில் நடுவே வரும் சைபரை விடுவது பெரிய வகுப்புப் பிள்ளைகளே செய்யும் பிழை. நான் சொல்லித்தர வைத்திருந்த பாடம் அது. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் என்னைப் பார்த்தார்கள். நான் சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டுக் கை தட்டினேன். அவர்களும் தட்டினார்கள், எதற்கென்று தெரியாமலே.

தேர்வு திருப்பத்தூரில். கணக்குப் பரீட்சை அன்றைக்கு நானும் கூடப் போனேன். வெளியே புங்க மரத்தடியில் காத்திருந்தேன். மற்றவர்களெல்லாம் வந்தார்கள். இவளைக் காணோம். கடைசி ஆளாக வந்தாள்.

"இன்னா ஆச்சு? மீதி வந்துச்சா?"

"ரெண்டு கணக்குல வந்துச்சுங்க. ஒண்ணையும் அழிக்கல." பிறகு சொன்னாள், "எல்லாத்தையும் சரி பார்த்துட்டேன். மார்க் எவ்ளோன்னு மட்டும்தான் அவங்க சொல்லணும். பாஸுன்னு எனக்கே தெரியும். பசிக்குது டீச்சர், பரோட்டா சாப்பிடலாமா?"

முடிவு வந்த அன்று பள்ளியில் போனில் சிக்னல் இல்லை. சார் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பள்ளிக்குப் பின்னால் இருக்கும் பாறை மேல் ஏறினார். கீழே பிள்ளைகள், சங்கத்துப் பெண்கள், நான், கரண்டியோடு சின்னப்பொண்ணு. சார் போனைத் தூக்கிப் பிடித்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்பினார். பிறகு தோளிலிருந்த துண்டை எடுத்துத் தலைக்கு மேல் சுற்றினார். அந்த மனிதர் அப்படி ஒரு காரியம் செய்வார் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை.

மில்லுக்கு ஆள் எடுக்க வந்தவர்கள் அவளிடம் ஒரே ஒரு கணக்குக் கேட்டார்கள். நூற்று முப்பது மூட்டை இருக்கிறது, வண்டியில் நாற்பது மூட்டை ஏறும், எத்தனை நடை?

"மூணு நடை, மீதி பத்து மூட்டைங்க" என்றாள். கேள்வி கேட்டவர் எழுதிக்கொள்ளக் குனிந்தபோது, "இருங்க. அந்தப் பத்து மூட்டைய வுட்டுட்டுப் போவ முடியுமா? நாலு நடைன்னு எழுதிக்கோங்க" என்றாள். அவர் விழுந்து விழுந்து சிரித்து, வேலையை அங்கேயே உறுதி செய்துவிட்டார்.

எங்கள் எல்லாருக்கும் தலைகால் புரியாத சந்தோஷம். மறுநாள் காலை பத்து மணிக்குத்தான் சாருக்கும் எனக்கும் ஒரே நேரத்தில் உறைத்தது, பள்ளிக்கூடத்தில் சோறாக்க ஆள் இல்லை என்று. புது ஆள் வரும் வரை நாங்கள்தான். சார் அடுப்பூத, நான் பருப்புப் போட, சோறு அடி பிடித்தது. சாம்பாரை வாயில் வைத்த பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மரியாதை தெரிந்த பிள்ளைகள், ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் சேதி மில்லுக்குப் போய்விட்டது.

அடுத்த வெள்ளிக்கிழமை மதியம் சின்னப்பொண்ணு தலையில் ஒரு சிப்பத்தோடு வந்தாள். மில்லில் அரைத்த முதல் சாமை. எங்கள் இரண்டு பேரையும் அடுப்படியிலிருந்து கையைப் பிடித்து வெளியே அனுப்பிவிட்டுத் தானே ஆக்கினாள். ஆக்கி முடித்துக் கரண்டியை எடுத்தபோது சார் அதை வாங்கிக்கொண்டார்.

"இன்னைக்கு நீங்க உக்காருங்க. நாங்க போடுறோம்."

"ஐயோ சார், வேணாம்" என்று பின்னால் நகர்ந்தாள். பிள்ளைகள் இழுத்து நடுவில் உட்காரவைத்துவிட்டார்கள். அத்தனை வருஷத்தில் அவள் பந்தியில் உட்கார்ந்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. கூச்சத்தில் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள்.

பக்கத்திலிருந்த மூன்றாம் வகுப்புப் பெண் அவளை ஏறிட்டுப் பார்த்தது. "ஆயா, நீ இப்போ ஆபீசரு ஆயிட்டியாமே. இனிமே உன்ன இன்னான்னு கூப்பிடறது?"

சின்னப்பொண்ணு யோசித்தாள். "சோறு போட்டா ஆயா. மில்லுல பார்த்தா..." கொஞ்சம் நிறுத்தி, "மில்லுல பார்த்தா மேடம்னு கூப்பிடு. எங்க, இப்ப ஒரு தபா கூப்பிடு, எப்படிக் கீதுன்னு பாக்கறேன்."

வரிசை மொத்தமும் ஒரே குரலில் கத்தியது: "மேடம்!"

அவள் எச்சில் கையோடு எழுந்து, முந்தானையால் வாயை மூடிக்கொண்டு அடுப்படிக்குள் ஓடிவிட்டாள்.